பிளெக்ஸ் போர்டில் நிற்கும் அந்த இரண்டு பேர்

1

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் தெரு இளைஞர் மன்றம் போடும் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டு அனுபவம் என்று நாலு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டு மூன்று மாதம் ஆகிறது. பேனா இல்லை என்றேன். வாங்கி வந்தார்கள். பேப்பர் இல்லை என்றேன். ஒரு கட்டு வந்து இறங்கியது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது, எழுதினால் தப்பும் தவறுமாக வரும் என்றேன். அதற்கும் ஒரு வாத்தியாரைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், அவர் திருத்திவிடுவாராம். சொல்வதற்கு வேறு சாக்கு மிச்சமில்லை.

ஆனால் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் மன்றம் இல்லை. வருகிற வியாழக்கிழமை என் சிநேகிதன் செல்வம் தன்னுடைய ஜீப்பை விற்றுவிட்டு வெளிநாடு கிளம்புகிறான். அதற்குள் ஒரு விஷயத்தை அவன் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கட்டுரையை வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்று ஆரம்பிப்பார்கள். நான் போடியில் ஒரு ஏலக்காய் குடோனில், சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கொட்டுவது வெயில்தான். ஜெர்மனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். போன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் வந்த கதையை எழுதுகிறேன்.

2

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் ஆபீஸ் வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். மூன்று பேர் நிற்கிறோம். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான். வலது பக்கம் நரைத்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரர். இடது பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி ஒரு சின்ன வயது வெள்ளைக்காரர். மேலே, 'அயல்நாட்டு அதிபர்களின் அன்பைப் பெற்ற போடியின் புதல்வன்' என்று எழுதியிருக்கிறது.

அவர்கள் இருவரும் அதிபர்கள் இல்லை. போலீஸ்காரர்கள். ஜெர்மனி என்னை வெளியே அனுப்பியபோது, வழியில் நான் எங்கேயும் ஓடிவிடாமல் சென்னை வரைக்கும் கூட்டிவந்து ஒப்படைத்துவிட்டுப் போக வந்தவர்கள்.

பாதித் தப்பு என்னுடையது. சென்னை ஏர்போர்ட்டில் எல்லாம் முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்ததும், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெரியவர் வேண்டாம் என்றார். சின்னவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். பிறகு பெரியவரும் நின்றார். 'இதை எங்கேயும் போடக் கூடாது' என்று மட்டும் சொன்னார். போடவில்லை. செல்வத்துக்கு ஒருத்தனுக்கு மட்டும் அனுப்பினேன். கூடவே, 'ஊருக்கு வர்றேன் மாப்ளே. முதலாளிங்களுக்கு என்னையப் பிரிய மனசில்ல, மெட்ராசு வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறாய்ங்க' என்று அடித்துவிட்டேன். நான் சும்மா அடித்துவிடுகிற ஆள் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டு விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ரயிலைவிட்டு இறங்கித் தெருமுனைக்கு வருகிறேன், பன்னிரண்டு அடிக்கு நிற்கிறோம் மூன்று பேரும். 'வருக வருக' என்று வாசகம். கீழே ஸ்டாம்பு அளவில் வரிசையாக என் சிநேகிதர்கள் முகம், எல்லோரும் செல்போனில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி. செல்வம் மாலையோடு நின்றான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பை எங்கே என்று கேட்டார்கள். இரண்டு பெரிய பெட்டி பின்னால் வருகிறது என்றேன். இன்னும் வரவில்லை.

ஒரு வாரத்தில் ஏஜெண்ட் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் ஆபீசில் கட்டிக்கொண்டார். என்னை அனுப்பியவரும் அவர்தான்.

3

ருமேனியாவில் தொழிற்சாலை வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார். தொழிற்சாலை இருந்தது, வேலை மூன்று மாதம்தான் இருந்தது. கூட இருந்தவர்கள் ஜெர்மனிப் பக்கம் நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன். காகிதத்தில் ஒரு நாடு, ஆள் வேறொரு நாடு. ஒரு சின்ன ஊரில் ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, குப்பை கொட்டி ஐந்து வருடம் ஓட்டினேன். நான் கற்றுக்கொண்ட ஜெர்மன் பாஷை எல்லாம் அந்தச் சமையற்கட்டுக்குள் அடங்கிவிடும். வெரசாக் கழுவு, சூடு, தள்ளு, இதைத் தொடாதே.

அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், காகிதம் இல்லாதவன் எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ரோடு காலியாக இருந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நில். டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறாதே. தெருவில் சத்தமாகப் பேசாதே. பள்ளிக்கூடத்தில் இதில் கால்வாசி கேட்டிருந்தால் இந்நேரம் தாசில்தார் ஆகியிருப்பேன். ஐந்து வருடமும் அப்படியே நடந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். அந்த அலுப்பு வேலை அலுப்பு மாதிரி தூங்கினால் போகாது.

மாட்டிக்கொண்டது எதனால் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட வேலை பார்த்த நேபாளத்துக்காரர் ஒருவர் காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். என் சைக்கிள் கேரியரில் உட்காரச் சொல்லி மிதித்தேன். நம் ஊரில் சைக்கிள் என்றால் டபுள்ஸ்தானே. தனியாகப் போகிறவனைத்தான் நிறுத்தி, என்னையும் ஏத்திக்க என்று கேட்பார்கள். அங்கே கேரியரில் ஆள் ஏற்றக் கூடாதாம். யாழ்ப்பாணத்து அண்ணன் பாடத்தில் அது வரவே இல்லை. அவருக்குமே அது ஒரு தப்பு என்று தோன்றியிருக்காது.

போலீஸ் வண்டி பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. திட்டவில்லை, மிரட்டவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றார்கள். முதலாவதை உடனே செய்தேன். இரண்டாவதுக்குத்தான் வழியில்லை. நேபாளத்துக்காரரிடம் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. அவர் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நல்ல கால் இரண்டும் இருந்த நான் வண்டியில் ஏறினேன்.

அதன்பிறகு காகிதம்தான். எத்தனை பாரம், எத்தனை கையெழுத்து. போடுகிற இடத்தில் எல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள். திருமணம் ஆனவரா என்று ஒரு கேள்வி எல்லாப் பாரத்திலும் வரும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பெண் இருந்தால் சொல்லுங்கள் என்று எனக்காகப் போனில் மொழிபெயர்த்த தமிழ்ப் பெண்மணியிடம் சொன்னேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. பிறந்த ஊர் எழுதும் கட்டம் 'போடிநாய' என்பதோடு தீர்ந்துபோனது. தமிழ் தெரிந்தவர் யாராவது வாசித்திருந்தால் அடிக்க வந்திருப்பார்.

4

டிக்கெட்டை அவர்கள் அரசாங்கமே எடுத்தது. விமானத்தில் எங்கள் மூன்று பேரையும்தான் முதலில் ஏற்றினார்கள். கைக்குழந்தைக்காரர்கள்கூட எங்களுக்குப் பிறகுதான். கடைசி வரிசை, நடு சீட்டு எனக்கு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூட ஒரு தோழன்தான் உட்காருவான். எனக்கு இருபுறமும் இரண்டு பேர். சீருடை இல்லை, சாதாரணச் சட்டைதான். என் பாஸ்போர்ட் ஒரு பழுப்புக் கவருக்குள், பெரியவர் மடியில். அது என்னுடையது என்றாலும் நான் கை நீட்டக் கூடாது.

கக்கூசுக்குப் போனால் சின்னவர் கூட வருவார். கதவு சாத்தாமல் இருக்க ஷூவை இடையில் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பாவம், என்னைவிட அவருக்குத்தான் கூச்சம். மந்திரிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது என்று ஜாடையில் சொன்னேன். சிரித்துவிட்டார்.

அரைகுறை இங்கிலீசும் ஜாடையுமாகத்தான் பேசிக்கொண்டோம். சின்னவருக்குச் சென்னை புதிது. ஒரு ராத்திரி ஓட்டலில் தங்கிவிட்டு மறுநாள் திரும்ப வேண்டும், அதற்குள் என்ன பார்க்கலாம் என்று கேட்டார். பீச்சுக்குப் போங்கள், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள் என்றேன். காரமா என்றார். குழந்தைகள் சாப்பிடுவது என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் அதிகம் பேசவில்லை. எத்தனை நாட்டுக்கு இப்படி ஆள் கூட்டிப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்தார், இரண்டு கை போதவில்லை. அங்கே எல்லாம் என்ன பார்த்தீர்கள் என்றேன். ஏர்போர்ட், ஓட்டல் என்றார். இந்த வாரம் எந்த நாடு என்று மகள் போனில் கேட்பாளாம். எந்த நாட்டைச் சொன்னாலும் 'சரி' என்று வைத்துவிடுவாளாம். முன்னெல்லாம் பூகோளப் படத்தில் தேடிப் பார்ப்பாளாம்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: உன்னை அழைத்துப் போக யாராவது வருவார்களா?

ஊரே வரும் என்றேன். சும்மா சொன்னதுதான்.

கடைசி மூன்று மணி நேரம் பெரியவர் தூங்கிவிட்டார். தலை சாய்ந்து சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. சின்னவர் எழுப்பப் போனார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நல்ல கனமான தலை. தோள் மரத்துப்போய்விட்டது. அசைந்தால் விழித்துக்கொள்வார் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தவருக்கு நான் காவல். இறங்கும் சத்தத்தில் விழித்தவர் என் சட்டையில் எச்சில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். மன்னிப்புக் கேட்டார். அந்த நாட்டில் ஐந்து வருடத்தில் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சென்னையில் நம் அதிகாரி ஒருவர் கவரை வாங்கிப் பிரித்தார். என்னை ஏற்றுக்கொண்டதற்குப் பெரியவர் அவரிடம் கையெழுத்து வாங்கினார். லோடு இறக்கிவிட்டு டிரைவர் சீட்டு வாங்குவானே, அதேதான். நம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போடியா? ஏலக்கா ஊருல்ல?"

"ஆமாங்கய்யா."

"இப்ப என்ன விலை போகுது?"

ஐந்து வருடமாக நான் ஊரிலேயே இல்லை என்பது அவர் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. "ஏறித்தான் கெடக்குங்கய்யா" என்றேன். அவருக்கு அது போதும்.

5

வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் நம் ஊரில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எப்ப வந்த, எப்ப போற. முதல் கேள்விக்கான பதில் பழசாகிவிட்டது. இரண்டாவதை இன்றைக்கும் கேட்கிறார்கள். குளிர் குறையட்டும் என்றேன். கம்பெனிக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். எனக்குப் பதிலாகச் சேர்ந்தவனுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியும்வரை எனக்கு லீவு என்றேன். சிரிக்கிறார்கள். சிரிப்பு முடிவதற்குள் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஒரு வருடமாக இதுதான் சோலி.

குடோனில் ஏலக்காய் சலிக்கிறேன். பெரிய காய் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம். வந்த புதிதில் காமராசர் ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் வண்டிகள் தானாக நிற்கும் என்று ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு டீக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அங்கே நம் ஊர் மாதிரி சைக்கிள் ஓட்டி மாட்டினேன். இங்கே அந்த ஊர் மாதிரி ரோட்டைக் கடக்கப் போய் நிற்கிறேன்.

என் அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். தினமும் விடிந்ததும் செல்வத்தின் ஜீப்பில் பதினான்கு பெண்களோடு மலையடிவாரத்து முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் போய்க் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்புவாள். அவளிடமும் நான் லீவு என்றுதான் சொல்லியிருந்தேன். போன வாரம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏப்பா, அந்த போர்டுல ஒன் கூட நிக்கிற ரெண்டு பேரும் போலீசுதான?"

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? முந்தல் செக்போஸ்டுல நித்தம் பாக்குறேன். மொதலாளின்னா தோள்ல கை போட்டு நிப்பான். போலீசு முழங்கையத்தான் பிடிக்கும். அந்த நரைச்ச மீசக்காரரு கை எங்க இருக்குன்னு போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். என் முழங்கையில்தான் இருந்தது. என்னை ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிய பிறகு எடுத்த போட்டோ அது. அவருக்குப் பழக்கம் விடவில்லை. ஒரு வருடமாகப் போடியில் அத்தனை பேர் கடந்துபோகிற இடத்தில், அதைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

"எப்பம்மா கண்டுபிடிச்ச?"

"போர்டு வச்ச அன்னைக்கே."

"ஒரு வருசமாக் கேக்கவே இல்ல?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். நீ என்ன களவாண்டுட்டா வந்த? எனக்கு ஒண்ணும் கேவலமில்ல. ஆனா செல்வத்துக்கிட்ட சொல்லிருய்யா. அந்தப் போர்டப் பாத்துட்டுத்தான் அவன் கெளம்புறான். மூணு வயசுப் பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு, ஜீப்பையும் வித்துட்டு, அங்க போயி அவனுக்கும் இதே கெதின்னா?"

அடுத்த பூண்டை எடுத்து உடைத்தாள். பிறகு சொன்னாள்.

"அவன் ஓட்டுனா நான் மெட்டு ஏறங்காட்டியும் தூங்கிருவேன். வேற எவன் ஓட்டுனாலும் கம்பிய விடாமப் பிடிச்சுக்கிட்டே போகணும்."

6

மறுநாள் அந்த ஜீப்பிலேயே முன்சீட்டில் ஏறினேன். முந்தலில் செக்போஸ்ட்டுக்காக வண்டி நின்றது. பின்னால் அம்மா தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"செல்வம், ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"அப்ப சிரிக்கிற விசயந்தான். சொல்லு மாப்ளே."

"என்னையத் திருப்பி அனுப்பிட்டாய்ங்கடா. அந்த ரெண்டு பேரும் போலீசு."

ஸ்டீரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான். "போன மாசம் அந்த நரைச்ச மீச ஒனக்குப் பொண்ணு தர்றேன்னாருன்ன. அதுக்கு முந்தி ஓட்டல்ல பங்கு தர்றாகன்ன. இப்பப் போலீசா? அடுத்த வாரம் கலெக்டரா?"

"சத்தியமாடா."

"நீ சத்தியம் பண்ணி எது மாப்ளே உண்மையா இருந்திருக்கு?"

அவன் சொன்னது உண்மைதான்.

"அதே ஏஜெண்ட்டு, அதே ருமேனியா, அதே காகிதம்டா. மூணு மாசம் கழிச்சு என்ன செய்வ?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். வண்டியைக் கியரில் போட்டுக்கொண்டே சொன்னான். "பதினேழு வளைவு, ஏறுறதுக்கு ஒரு தடவ, எறங்குறதுக்கு ஒரு தடவ. எத்தன வருசம்டா இதையே திருப்புறது? நீ அஞ்சு வருசம் பாத்துட்டு வந்துட்ட. நான் போறேன்னதும் ஒனக்குப் பொறுக்கல."

அதன்பிறகு மேலே போய்ச் சேரும்வரை அத்தனை வளைவிலும் அவன் ஆரன் அடித்து, ஒதுங்கி, எதிரே வந்தவனுக்கு வழிவிட்டு ஓட்டினான். பின்னால் அம்மாவுக்கு உண்மையிலேயே தூக்கம் வந்துவிட்டது.

ஆகவே, மன்றத்து நண்பர்களே, நீங்கள் கேட்ட அனுபவம் இதுதான். மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. நான் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. செல்வம் ஜீப்பை விற்காமல் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். காகிதத்தைத் தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஏஜெண்ட் ஆபீசுக்கும் போய், போர்டைக் கழற்றச் சொன்னேன். ராசியான போர்டு தம்பி, அது வந்த பிறகுதான் ஆள் சேருகிறது என்றார்.

இந்தக் கடைசிப் பத்தியைச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சேர்க்கிறேன். வாத்தியாரிடம் கொடுப்பதற்கு முன்னால், எழுதின பக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துச் செல்வத்துக்கு அனுப்பினேன். இந்நேரம் மேலே தோட்டத்தில், பெண்கள் வேலை முடித்து வரும்வரை வண்டியில் சும்மாதான் படுத்திருப்பான். அனுப்பி முடித்து, 'இதுல ஒரு வரிகூடக் கிண்டல் இல்லடா' என்று கீழே போட்டேன். அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு மூட்டை ஏலக்காயைச் சலித்து முடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தால், ஒரே ஒரு வரி வந்திருந்தது.

"அப்பத் திரும்பி வர்ற டிக்கெட்ட நம்ம எடுக்க வேண்டாமா மாப்ளே?"